பதிவேட்டில் ஒரு ஓட்டு கூடுதல்

2021 சட்டமன்றத் தேர்தலுக்கான பணி ஆணை கையில் கிடைத்தபோது, பெயருக்கு நேராக 'வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்' என்று இருந்தது. அதற்கு முன் இரண்டு தேர்தல்களில் பி-டூவாக, அதாவது இரண்டாம் வாக்குச்சாவடி அலுவலராக இருந்து வாக்காளர் விரலில் மை வைத்திருக்கிறேன். தலைமை அலுவலராக, எங்கள் பேச்சில் பிஓவாக, போவது இதுதான் முதல் முறை. பி-டூ வேலையில் கை கறுத்துப் போகும், அவ்வளவுதான். பிஓ என்றால் கணக்கு முழுக்க நம் தலையில். அடுத்த தேர்தலில் முதன்முதலாக பிஓ ஆகப்போகிற ஆசிரியர்கள் யாராவது படித்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 6. தமிழ்நாட்டின் 234 தொகுதிக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. நீலகிரி மாவட்டத்துக்கு மூன்று தொகுதிகள்தான்: உதகமண்டலம், குன்னூர், கூடலூர். எனக்கு ஓட்டு குன்னூரில், வேலை கூடலூர் தொகுதியில். அதனால் தபால் ஓட்டு. அதற்கு விண்ணப்பிக்கப் பயிற்சி வகுப்பில் படிவம் 12 கொடுப்பார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்துவிடாதீர்கள். ஊருக்கெல்லாம் ஓட்டுப் போட வைத்துவிட்டு நம் ஓட்டை விடுவது பெரிய வருத்தம். அப்படி விட்டவர்கள் என் பள்ளியிலேயே இருக்கிறார்கள்.

எந்த பூத் என்பது முந்தின நாள் பொருள் வழங்கும் மையத்தில்தான் தெரியும். பைக்காரா, நடுவட்டம் தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. கூடலூரில் நல்ல வெயில். பந்தலுக்குக் கீழே ஒரு பெரிய சாக்குப்பையும் மூன்று பெட்டிகளும் கொடுத்தார்கள். கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட். "எல்லாம் சரியா இருக்கும் மேடம், வண்டி கிளம்புது" என்று அவசரப்படுத்தினார்கள். நான் நகரவில்லை. தரையில் உட்கார்ந்து கருவிகளின் எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். வாக்காளர் பட்டியலின் பக்கங்களை எண்ணினேன். பச்சைத்தாள் முத்திரைகளின் எண்களை எழுதிக்கொண்டேன். பித்தளை முத்திரையைத் தேடினால் காணோம்! அரைமணி நேரம் அலைந்து வாங்கினேன். பூத்துக்குப் போன பிறகு தெரிந்திருந்தால் அரக்கில் எதை வைத்து அழுத்துவது?

பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளி. இரண்டே அறை. சுற்றிலும் தேயிலை, சரிவில் தொழிலாளர்களின் லயன் வீடுகள். கிராம உதவியாளர் வந்து முதலில் சொன்னது தேர்தலைப் பற்றியே அல்ல. "டீச்சர், இருட்டினதுக்கு அப்புறம் பாத்ரூமுக்குத் தனியா போகாதீங்க. பலாமரம் இருக்கு, யானை வரும்." அந்தப் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. பெண்கள் இருவர் மாறி மாறி வெளியே நின்றோம். பெண்களை இரவு தங்க வைக்கிற இடத்தில் ஒரு தாழ்ப்பாளாவது போட்டிருக்க வேண்டும். இதைப் பிறகு எழுதியும் கொடுத்தேன்.

காலை நான்கு மணிக்கு எழுந்தோம். மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விவிபேட் பின்னால் ஒரு திருகு இருக்கும். வண்டியில் வரும்போது அது கிடையாக இருக்கும்; வேலை செய்ய நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தாமல் மின்கலத்தை இயக்கி, "மெஷின் ரிப்பேர்" என்று மண்டல அலுவலருக்குப் போன் போட்டவர்கள் நிறைய. இன்னொன்று, விவிபேட்டை பல்புக்கு நேர் கீழேயோ ஜன்னல் வெளிச்சம் படும்படியோ வைக்கக் கூடாது. நாங்கள் இதற்காகவே மேசையை இரண்டு முறை நகர்த்தினோம்.

வேட்பாளர்களின் முகவர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மலையாளம் கலந்த தமிழ் பேசினார். கேரளத்திலும் அன்றைக்குத்தான் வாக்குப்பதிவு, தம்பி குடும்பம் அந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறது என்றார். குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்க்க வேண்டும், நோட்டாவுக்கும் சேர்த்து. முடித்து, முடிவைப் பார்த்து, விவிபேட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்த்தோம். அப்புறம்தான் உயிர்நாடியான வேலை: மாதிரி ஓட்டுகளை அழிக்க 'கிளியர்' அழுத்துவது. இதை மறந்தால் அந்த 50 ஓட்டும் உண்மையான ஓட்டோடு கலந்துவிடும். நான் அழுத்தி, மொத்தம் பூஜ்யம் என்று திரையில் வந்ததை முகவர்கள் ஒவ்வொருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். மாதிரிச் சீட்டுகளின் முதுகில் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைத்தோம்.

ஏழு மணிக்குத் தொடங்கியது. கொரோனா காலம் என்பதால் வாசலில் வெப்பமானி, சானிடைசர், வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. மைக்குப்பி கவிழாமல் இருக்க ஒரு டப்பாவில் மண் நிரப்பி அதில் பதித்து வைத்திருந்தோம். முதல் வரிசையில் கொழுந்து பறிக்கும் பெண்கள். பலருடைய பெற்றோர் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். ஒரு அம்மா இடது கையை நீட்டினார். பி-டூ தம்பி மைக்குச்சியோடு தயங்கினான். ஆட்காட்டி விரல் முழுக்க ஏற்கெனவே கறுப்பு. தேயிலைக் கறை, நகத்தின் இடுக்கிலும் தோலின் வெடிப்பிலும் ஊறிப் போயிருந்தது. மை வைத்தால் எது கறை, எது மை என்றே தெரியாது. ஈரத்துணியால் துடைத்தோம், போகவில்லை. "எத்தனை தேய்ச்சாலும் போகாது சார், இருபது வருசம்" என்றார் அந்த அம்மா. கடைசியில் நகத்தின் மேல் நுனியிலிருந்து முதல் கணு வரை தடிமனாக ஒரு கோடு இழுத்து, காயும் வரை ஒரு நிமிடம் நிற்க வைத்தோம். அன்று அப்படி எத்தனையோ விரல்கள். அவர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பார்த்து, "உங்களுக்கு மை இல்லையே டீச்சர்?" என்று கேட்டார். தபால் ஓட்டு என்றேன். சமாதானமாகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பத்தரை மணி இருக்கும், ஒரு பெரியவர் வந்தார். ஓட்டுப் போட வருகிறவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் கைரேகை வைத்தார், மையும் வைத்தாயிற்று. கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கும் பி-த்ரீயிடம் போகும் முன் நின்று, "வேண்டாம்மா, நான் போடல" என்றார். நோட்டா இருக்கிறது ஐயா, கடைசிப் பொத்தான் என்று சொன்னேன். "அதுவும் வேண்டாம். வந்தேன்னு எழுதிக்கோங்க." காரணம் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவில்லை. வாக்களிக்க விருப்பமில்லை என்று குறிப்புக் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் அவர் ரேகையை வாங்கினேன். அவருக்காகக் கருவியில் எந்தப் பொத்தானையும் அழுத்தக் கூடாது என்பது விதி, அதையும் பார்த்துக்கொண்டோம். அதற்குள் வரிசை நீண்டுவிட்டது.

மூன்று மணிக்கு இடியோடு மழை, கரண்ட் போனது. கருவிகள் மின்கலத்தில் ஓடுவதால் பாதிப்பில்லை. பட்டியலில் பெயர் தேடத்தான் டார்ச் பிடிக்க வேண்டியிருந்தது. ஆறு முதல் ஏழு வரை கொரோனா தொற்றாளர்களுக்கான நேரம். கவச உடையைப் பிரித்துத் தயாராக இருந்தோம், யாரும் வரவில்லை.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவை முடிக்க 'குளோஸ்' அழுத்தினேன். பதிவான ஓட்டு திரையில் 611. முதலாம் அலுவலரான பி-ஒன், 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணை வாசித்தார்: 612.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முகவர்கள் முன்னால் நிற்கிறார்கள். பதினாலு மணி நேரக் களைப்பில் காலையில் நடந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. யாரோ ஓட்டுப் போடாமலே வெளியே போய்விட்டார்களா, நான் கவனிக்காமல் விட்டேனா என்று ஓடுகிறது மனம். அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினோம். டார்ச் வெளிச்சத்தில் பி-ஒன் விரல் ஒரு வரியில் நின்றது. "மேடம், 214." என் கையெழுத்து, பக்கத்தில் பெரியவரின் ரேகை. ஓட்டுக் கணக்கை எழுதும் படிவம் 17சியில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: கையெழுத்திட்ட பின் வாக்களிக்க வேண்டாம் என முடிவு செய்தவர்கள். அதில் 1 என்று எழுதினேன். கணக்கு நேரானது. நகலில் கையெழுத்திட்டு முகவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். காலையில் அந்த அரை நிமிடத்தைச் சோம்பி விட்டிருந்தால் அந்த 1 எங்கே போனது என்று யாருக்கும் சொல்லியிருக்க முடியாது.

வண்டி கிளம்ப ஒன்பதரை. வழியில் யானை நிற்பதாக வனத்துறையினர் நிறுத்திவிட்டார்கள். மடியில் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்தபடி நாற்பது நிமிடம் இருட்டில். துப்பாக்கியோடு வந்த காவலர் தன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். ஒப்படைப்பு மையத்தில் வரிசையில் நின்று, என் முறை வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மேசையில் இருந்தவர் முதலில் கேட்டது 17சியைத்தான். கட்டத்தில் இருந்த 1ஐப் பார்த்து நிமிர்ந்தார். பதிவேட்டைத் திறந்து 214ஐக் காட்டினேன். படித்துவிட்டு ரசீதில் கையெழுத்துப் போட்டார்.