ஸ்வெத்லானா: புனிதர் பட்டியலில் இல்லாதவள்

ஜனவரி 14

ஸ்வெத்லானா என்ற ரஷ்யப் பெண்பெயரின் வேரான 'ஸ்வெத்' என்றால் ஒளி; உலகம் என்ற பொருளும் அதற்கு உண்டு. வடமொழியின் 'சுவேதம்' இச்சொல்லின் இனச்சொல் என்பதால், நம் ஊர்ச் சுவேதாக்களுக்கு ஸ்வெத்லானா தூரத்து உறவுக்காரி. இத்தனை நாளும் இது ஸ்லாவியரின் தொன்மையான பெயர் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யக் கவிஞர் அலெக்சாந்தர் வொஸ்தோக்கவ் தம் கதைக்கவிதையில் கையாண்ட இப்பெயரை, 1813இல் வெளிவந்த வசீலி ஷுக்கோவ்ஸ்கியின் 'ஸ்வெத்லானா' என்னும் கதைப்பாடலே ஊரறியச் செய்தது.

ஜனவரி 16

பாடல் புகழ்பெற்றும் பிள்ளைகளுக்கு அப்பெயர் கிட்டவில்லை. ரஷ்யத் திருச்சபையில் புனிதர் பெயரைத்தான் ஞானஸ்நானத்தில் சூட்டுவார்கள். ஸ்வெத்லானா என்றொரு புனிதை இல்லை. கப்பலுக்கு அந்தத் தடை இல்லை போலும்: 1905இல் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரில் மூழ்கிய ரஷ்யப் போர்க்கப்பல்களுள் ஒன்றின் பெயர் ஸ்வெத்லானா. 1917 புரட்சிக்குப் பின் பிறப்புப் பதிவு திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறிய பிறகே இப்பெயர் தொட்டில்களை எட்டியது; 1926இல் பிறந்த ஸ்டாலினின் மகளுக்கும் இதே பெயர். அவர் பின்னாளில் அமெரிக்காவில் லானா என்று பெயரைச் சுருக்கிக்கொண்டபோது, ஒளியைத் தாங்கிய முன்பாதி உதிர்ந்துபோனது எனக்கு உறுத்துகிறது. ஞானஸ்நானம் பெறும் ஸ்வெத்லானாக்களுக்கு ஃபொதீனியா என்ற பெயர் வழங்கலாயிற்று. அதுவும் ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்ட சமாரியப் பெண்ணுக்குக் கீழைத் திருச்சபை மரபு தந்த பெயர் அது.

ஜனவரி 18

கதைப்பாடல் நிகழ்வது இன்றைய இரவில்தான், அதாவது இயேசுவின் ஞானஸ்நானப் பெருவிழாவுக்கு முந்திய இரவில். ஞானஸ்நானத்தில் சூட்ட முடியாத பெயருக்கு அந்த விழாவின் முன்னிரவே பிறந்தநாளாக வாய்த்ததை நினைத்துச் சற்றுச் சிரித்துக்கொண்டேன். பெண்கள் குறி பார்க்கிறார்கள்: செருப்பைக் கழற்றி வாயிலுக்கு வெளியே எறிகிறார்கள், மெழுகை உருக்குகிறார்கள், தெளிந்த நீருள்ள கிண்ணத்தில் பொன்மோதிரத்தையும் மரகதத் தோட்டையும் இடுகிறார்கள். ஓராண்டாகச் செய்தியில்லாத காதலனை எண்ணி வாடும் ஸ்வெத்லானா, நள்ளிரவில் இருவருக்கு உணவு வைத்த மேசையில், மெழுகுவர்த்தியின் சுடரில் கண்ணாடியைப் பார்த்தபடி தனியே உட்காருகிறாள். பிறகு வரும் சவப்பெட்டியும் பிணமும் வெறும் கனவு; விடிந்ததும் பனிவண்டியின் மணியோசை கேட்கிறது, வாசற்படியில் அவன் உயிரோடு ஏறி வருகிறான்.