கூடுவாஞ்சேரியா, மாம்பலமா?

சென்னைக்கு வெளியே, தாம்பரத்தையும் தாண்டி இருக்கும் கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கலாம் என்று கணவர் பேச்செடுக்கும்போதெல்லாம் சதுர அடிக் கணக்கு மட்டுமே சொல்கிறார். மேற்கு மாம்பலத்தில் கொடுக்கும் வாடகையோடு கொஞ்சம் சேர்த்தால் அங்கே மாதத் தவணை கட்டிவிடலாம், மொட்டைமாடியும் நமதாகும். மறுக்கவில்லை.

ஆனால் என் வேலை கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாரிமுனையில். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் போகும் வண்டிகள் குறைவு. மாலையில் மகளிர் பெட்டியில் கீரை ஆய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் அதற்கு நேரம் இல்லாததால்தான் கீரையும் ரயிலேறுகிறது.

சீசன் டிக்கெட் மலிவுதான். பையனைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது? இங்கே மாமியார் நடந்தே போய்விடுவார். அங்கே வேன். காய்ச்சல் என்று ஆசிரியை ஃபோன் செய்தால், நான் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சலே இறங்கிவிடும்.

2023 டிசம்பரில் கூடுவாஞ்சேரிக்கு அருகே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, "ஊரே அந்தப் பக்கம் நகர்கிறது, பார்" என்கிறார். நகர்ந்தது வெளியூர் பஸ். என் அலுவலகம் நகரவில்லையே!

கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரட்டும், பேசலாம் என்றிருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை இன்னும் பதினொரு மாதத்துக்கு நீட்டித்தாயிற்று.