வன்னி வெயிலிலிருந்து நுவரெலியாக் குளிருக்கு மூட்டை கட்டுவது

ஆவணி விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வீடுகளில் வான் பிடித்து நுவரெலியா போகிற பேச்சுத் தொடங்கிவிடும். என்னென்ன எடுப்பது என்ற பட்டியல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உடுப்பு, துவாய், சோப், மருந்து, கட்டுச்சோறு. ஆனால் அந்தப் பட்டியலை நாங்கள் வன்னியின் வெயிலையும் காய்ந்த காற்றையும் நம்பிப் போடுகிறோம். அங்கேதான் பிழை வருகிறது.

முதலில் உடுப்பு. ஆவணியில் எங்கள் முற்றத்தில் 33, 34 பாகை வெயில். சோளகக் காற்றும் சேர்ந்தால் காலையில் துவைத்துப் போட்ட சட்டை மத்தியானத்துக்கு முன்னரே காய்ந்து மொறுமொறுத்துவிடும். அதனால் “நாலு சோடி போதும், அங்கே துவைக்கலாம்” என்று எண்ணுவது இயல்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆவணியில் பகலில்கூட 20 பாகையளவுதான், இரவில் 12, 13க்கு இறங்கும், இடைக்கிடை தூறலும் உண்டு. கொடியில் போட்ட துவாய் இரண்டு நாளானாலும் ஈரமாகவே கிடந்து மணக்கத் தொடங்கும். அங்கே துவைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உள்ளுடுப்பும் காலுறையும் தங்கும் நாட்களோடு இரண்டைக் கூட்டி எடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு சோடி. நனைந்ததைப் போட்டுக் கட்டத் தனியாக ஒரு தடித்த பை வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஈரச் சட்டை முழுப் பெட்டியையும் நனைத்துவிடும்.

குளிருடுப்பு எங்கள் வீடுகளில் இருப்பதில்லை. அதற்காக விலை கூடிய தடித்த ஜக்கெற் வாங்கத் தேவையில்லை. உடம்போடு ஒட்டிய பெனியன், அதற்கு மேல் கைநீளச் சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி என்று மூன்றடுக்காகப் போட்டால் அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்றே சூட்டைப் பிடித்து வைக்கும். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். பிள்ளைகளுக்குத் தலையும் காதும் மூடும் தொப்பி அவசியம். குளிருடுப்பு விற்கும் கடைகள் நுவரெலியாவிலேயே நிறைய உண்டு. ஆனால் நீங்கள் போய் இறங்குவது பெரும்பாலும் மாலையில், குளிர் ஏறுகிற நேரத்தில். முதல் இரவுக்கானது கையோடு இருக்க வேண்டும், பெட்டிக்கு அடியில் கிடக்கக் கூடாது. தை, மாசியில் போகிறவர்கள் கம்பளியும் எடுக்க வேண்டும். அந்த மாதங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி பிடிப்பதுண்டு.

ஆளுக்கொரு பருத்திச் சாரம். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். வானுக்குள் வெயில் மறைப்பு, நித்திரை கொள்ளும் பிள்ளைக்குத் தலையணை, அருவிக்கரையில் உடுப்பு மாற்றும் மறைப்பு, இரவில் போர்வைக்குக் கீழே இன்னொரு போர்வை. மடித்தால் ஒரு கையளவு இடந்தான்.

நாங்கள் எதிர்பாராத இன்னொன்று தேங்காய் எண்ணெய். 24 பாகையளவில் அது உறையத் தொடங்கும். வன்னியில் பெரும்பாலும் தண்ணீர்போல ஓடுகிற எண்ணெய், நுவரெலியாவில் ஒடுங்கிய வாய்ப் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக நின்றுவிடும். அகன்ற வாயுள்ள சின்ன டப்பாவில் ஊற்றிக்கொண்டு போனால் விரலால் தோண்டி எடுக்கலாம். சோப்பும் ஷாம்பூவும் வீட்டில் பாவிப்பதில் பாதி போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, நுரை வர நிறையத் தேய்க்க வேண்டும். மலைத் தண்ணீர் மென்மையானது, அதே அளவைப் போட்டால் எவ்வளவு கழுவினாலும் வழுவழுப்புப் போகாது. ஷாம்பூப் போத்தலை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மலையேற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மூடியைத் தள்ளிக்கொண்டு கசியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். விடிய நாலு மணிக்குக் கிளிநொச்சியில் வெளிக்கிட்டால் தம்புள்ளையைத் தாண்டும்போது பசிக்கும். பிட்டும் தேங்காய்ச் சம்பலும் வேண்டாம். துருவிய தேங்காய் வானின் சூட்டில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். புளிச்சோறுதான் பொருத்தம். பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, 100 கிராம் பழப்புளி, 150 மில்லிலீற்றர் நல்லெண்ணெய். சோற்றைக் குழையவிடாமல் வடித்து, சுளகிலோ பெரிய தட்டிலோ பரப்பி, சூடு முழுதாக ஆறிய பிறகே கெட்டியாகக் காய்ச்சிய புளியைக் கலக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே நீராவி வியர்த்துச் சோறு ஊசிப்போகும். பெரும்பாலான கட்டுச்சோறு கெடுவது இந்த ஒரு அவசரத்தால்தான். வாழையிலையைத் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. மத்தியானத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள், இரவுக்கு வைக்காதீர்கள். கொறிக்கப் புழுக்கொடியல், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம் எடுத்தால் ஒரு கிழமைக்குப் பயமில்லை.

வீடு எடுத்துத் தங்கிச் சமைக்கிறவர்கள் பிரஷர் குக்கர் கொண்டுபோக வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த சட்டியில் பருப்பும் கடலையும் அவிய வழமையைவிட நெடுநேரம் எடுக்கும்.

சமவெளியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குக் கம்பளை தாண்டிப் புசல்லாவை, றம்பொடை வளைவுகள் பெரிய சோதனை. சத்தி வந்த பிறகு குளிசை கொடுத்துப் பயனில்லை. வயதுக்கேற்ற அளவைப் பாமசியில் கேட்டு வாங்கி, வளைவுகள் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னர், அதாவது கண்டிக்குக் கிட்டவாகவே கொடுத்துவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கண்டிக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். தேசிக்காய், இஞ்சி, ஓட்டையில்லாத பைகள் பத்து, ஈரத்துணி ஒன்று முன்சீற்றுக்குப் பின்னால் தொங்கட்டும்.

மருந்துப் பை மடியில் இருக்க வேண்டும், கூரையில் அல்ல. நீரிழிவு, பிறஷர் உள்ளவர்கள் போகும் நாட்களோடு மூன்று நாளுக்கு மேலதிகமாக மருந்தும் கிளினிக் கொப்பியும் எடுக்க வேண்டும். இன்சுலினை வானின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தாலும் உறைந்து கெட்டுவிடும். துணியில் சுற்றி, அகன்ற வாய்ப் பிளாஸ்கில் போட்டு, பனிக்கட்டிக்கும் அதற்கும் நடுவே துவாய் வைத்துக் கொண்டுபோகலாம். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி நாலு பக்கெற். ஒரு பக்கெற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். கண்ணளவுக்குப் பாதியைப் போத்தலில் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடியோ குறைந்தோ போய் நோயைக் கூட்டும். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

கூரைக் கரியரில் பாரமான பெட்டி நடுவில், மென்மையான பைகள் சுற்றிவர. தறப்பாளை மேலே விரிப்பது மட்டும் போதாது. முதலில் அடியில் ஒரு துண்டு போட்டு, பிறகு மேல் தறப்பாளின் முன் ஓரத்தைப் பெட்டிகளுக்கு அடியில் மடித்துச் செருக வேண்டும். முன் ஓரம் திறந்திருந்தால் ஓட்டத்தில் காற்றுப் புகுந்து பாய்மரம்போல உப்பிக் கயிற்றை அறுக்கும். கிறவல் ஒழுங்கையிலிருந்து தார் வீதிக்கு ஏறியதும் நிறுத்தி ஒருதரம் இறுக்குங்கள். குலுங்கிய பாரம் படிந்து கயிறு அங்கேதான் தளரும்.

அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, ரோச் லைற், சார்ஜர். பழைய விடுதிகளில் உருண்டை முனைப் பிளக்கும் புதியவற்றில் சதுர முனையும் இருக்கும், மாற்றி ஒன்று போதும்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் வாசலில் பொலித்தீன் உறைகளைக் கழற்றச் சொல்வார்கள் என்பதை நினைவில் வைத்துச் சாப்பாட்டை டப்பாவிலோ வாழையிலையிலோ கட்டுங்கள். ஒன்பது கிலோமீற்றர் அளவில் நடை. செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும், பிடியுள்ள சப்பாத்து வேண்டும். அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலைவிளிம்பை முகில் மூடுமுன் பார்க்க விடியற்காலையிலேயே உள்ளே போக வேண்டும், ஆகவே அந்தப் பையை முதல்நாள் இரவே கட்டிவிடுங்கள். ஈரக் காட்டுப் பாதைகளில் அட்டை கடித்தால் பிய்க்காமல் நகத்தால் வழித்து எடுங்கள். காலுறையில் முன்கூட்டியே சோப்பைத் தேய்த்தால் ஏறுவது குறையும்.

கடைசியாக இரண்டு வெறும் உரப்பைகள், நன்றாகக் கழுவிக் காயவைத்தவை. வரும்போது லீக்ஸ், கரட், பீற்றூட் வாங்காமல் எவரும் திரும்புவதில்லை. பொலித்தீனில் கட்டிக் கீழே இறங்கினால் மாத்தளையைத் தாண்டும்போது உள்ளே வியர்த்து, மாங்குளம் வரும்போது அழுகல் மணம் வரும். புறப்படும் நாள் காலையிலேயே வாங்கி, கரட்டின் இலைகளை ஒட்ட வெட்டிவிட்டு உரப்பையில் போட்டு வாயைக் கட்டாமல் வையுங்கள். இலை நின்றால் கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சி, வீடு வருவதற்குள் கரட் வளைந்துபோகும்.