கிளேர்மோரில் பொங்கிய எண்ணெய்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரத்து எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ராயல்டி பிரிவில், அதாவது எண்ணெய் வருமானத்தில் நிலத்தடி உரிமையாளருக்குச் சேரும் பங்கைக் கணக்கிடும் பிரிவில், பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கிருந்த மூத்த பெண்மணி ஒருவர் சொல்லித்தான் 1929இல் வந்த 'தே ஹேட் டு சீ பாரிஸ்' படத்தைப் பார்த்தேன். அமெரிக்க நகைச்சுவை நடிகர் வில் ராஜர்ஸின் முதல் பேசும் படம் அது. டல்சாவுக்கு அருகிலுள்ள கிளேர்மோரில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தும் பைக் பீட்டர்ஸுக்கு (ராஜர்ஸின் பாத்திரம்) எண்ணெய்க் கிணறு ஒன்றில் பங்கு இருக்கிறது. கிணறு பொங்குகிறது. மனைவி குடும்பத்தையே பாரிசுக்கு அழைத்துப் போகிறார். மகளுக்குப் பிரபுக் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வரதட்சணைப் பேச்சு வரும்போது பைக்குக்கு எழும் எரிச்சல், நம் வீடுகளில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த எனக்கு நன்றாகவே விளங்கியது.

படத்தில் பணம் ஒரேயடியாக வந்து கொட்டுகிறது. எங்கள் மேசைக்கு அது பின்னங்களாகத்தான் வந்தது. ஒருவரின் தாத்தாவுக்கு 160 ஏக்கர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கிணற்றுக்கான பரப்பு 640 ஏக்கர் என்றால் அதில் அவருடையது கால் பங்கு. பழைய குத்தகைகளில் ராயல்டி பெரும்பாலும் எட்டில் ஒன்று. தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள், அவர்களில் ஒருவருக்கு மூன்று வாரிசுகள். அந்த மூவரில் ஒருவரின் பங்கு 0.00260417. நாளுக்கு 100 பீப்பாய் வரும் கிணற்றில் அவருக்குரியது ஏறத்தாழ கால் பீப்பாய். இந்த எண்ணைத்தான் பங்கை உறுதிசெய்யும் 'டிவிஷன் ஆர்டர்' படிவத்தில் எழுதிக் கையொப்பத்துக்கு அனுப்புவோம். முதல் ஆண்டுக்குப் பிறகு காசோலை ஏன் இவ்வளவு இளைத்துவிட்டது என்று கேட்டுத் தொலைபேசி அழைப்புகள் வரும். நிலத்தடி அழுத்தம் குறையக் குறைய வரத்தும் குறையும் என்பதைப் பொறுமையாக விளக்குவது எனக்குப் பிடித்த வேலை. அந்தத் தொகையை நம்பி மருந்துச் செலவைத் திட்டமிட்டவர்கள் அவர்கள்.

ஊருக்கு வந்தபோது பெரியப்பா கேட்டார்: "நரிமணத்தில் எண்ணெய் எடுத்தார்களே, அந்த நிலத்துக்காரர்கள் ஏன் கோடீசுவரர் ஆகவில்லை?" இங்கே நிலத்தடி எண்ணெய் நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. அவருக்குக் கிடைப்பது நிலத்துக்கான இழப்பீடு. ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. பைக் பீட்டர்ஸ் போன்ற கதை காவிரிப் படுகையில் பிறக்க வழியே இல்லை.

டல்சாவை ஒட்டியே ஓசேஜ் மாவட்டம் தொடங்குகிறது. 1906 சட்டப்படி அங்கே நிலத்தடிச் செல்வம் முழுவதும் ஓசேஜ் பழங்குடியினருக்குப் பொதுச் சொத்து. வருமானம் 2,229 பங்குகளாகப் பிரிந்தது. 1920களில் அவர்களும் கார் வாங்கினார்கள், பெரிய வீடு கட்டினார்கள். பைக் செலவழித்தால் அரங்கம் பாசத்தோடு சிரிக்கிறது. ஓசேஜ் மக்கள் செலவழித்தபோதோ, அவர்களில் பலருக்குத் தங்கள் பணத்தைக் கையாளத் தெரியாது என்று 1921இல் ஒரு சட்டமே வந்தது. பாதுகாவலர்கள் நியமிக்கப்பட்டார்கள், அவர்களில் பலர் திருடினார்கள். பங்குக்காக மணந்து, குடும்பத்தையே கொன்றவர்களும் இருந்தார்கள். பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் வம்சம் உள்ளவரின் பங்குக்கு, பூர்வகுடி வம்சம் இல்லாதவர் வாரிசாக முடியாது என்று 1925இல் அமெரிக்க நாடாளுமன்றம் தடை விதித்தது.

வில் ராஜர்ஸ் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி வம்சத்தவர். 1879இல், பூர்வகுடிகளின் பெயரால் 'இந்தியன் டெரிட்டரி' என்று அழைக்கப்பட்ட அதே மண்ணில் பிறந்தவர். அவருடைய முகத்தில் தெரியும் எளிமையை நான் மனமார நேசிக்கிறேன். ஆனால் அந்த எளிமையோடு செலவழிக்கும் சுதந்திரம் பக்கத்து மாவட்டத்தில் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு என்னால் படத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னேன். கூடவே 1921, 1925 ஆகிய அந்த இரண்டு சட்டங்களின் நகலையும் படிக்கக் கொடுத்தேன்.