செவலைக்கு ஒரு கூட்டு: கொரங்காட்டில் 41 நாள்

செவலை மட்டக்குதிரை. வயது 16, தோள் உயரம் 48 அங்குலம். அவளோடு நின்றிருந்த கிழட்டுக் கழுதை தை மாதம் செத்துப்போனது. அதிலிருந்து எங்கள் நாலு ஏக்கர் கொரங்காட்டில், அதாவது கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், அவள் தனிக்கட்டை. மேய்ச்சலுக்கு வரும் ஆடுகளை அவள் கூட்டாகவே நினைக்கவில்லை. பகல் முழுக்கப் படலோரம் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் முன்னங்கால் கணுவில் இரண்டு பக்கமும் காயம். வேலியில் இடித்திருப்பாள் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். ஆறும், மறுபடி வரும். கடைசியில் கால்நடை மருத்துவர்தான் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது தூக்கக் காயமுங்க.” குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்கப் படுத்தாக வேண்டும். காவலுக்கு இன்னொன்று பக்கத்தில் இல்லையென்றால் பல குதிரைகள் படுப்பதில்லை. நாள் கணக்காகத் தூக்கம் கெட்டு, நின்ற நிலையிலேயே கால் மடங்கிச் சரியும்போது கணு தரையில் உரசுகிறது. அன்றைக்கே இன்னொரு குதிரை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாச் சந்தை. மார்வாரி, கத்தியவாரி, நொக்ரா என்று வகைவகையான குதிரைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பார்ப்பவரெல்லாம் சுழி பார்த்தார்கள். நான் கால், பல், மூச்சு பார்த்தேன், அப்புறம் சுழியும் பார்த்தேன், பொய் சொல்வானேன். கத்தியவாரிக் கலப்பில் ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்று அமைந்தது, 58 அங்குலம். காது நுனி இரண்டும் உள்வாங்கி ஒன்றையொன்று தொடும். சாம்பல் நிறம். எங்கள் ஊரில் மாட்டுக்கு வைக்கும் பெயர்தானே வாயில் வரும், மயிலை என்றாகிவிட்டது. விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

வந்ததும் காட்டுக்குள் விடவில்லை. சந்தையில் நூற்றுக்கணக்கான குதிரை மூச்சு விட்ட இடத்திலிருந்து வருகிறவள். 21 நாள் தென்னந்தோப்பில் தனியாகக் கட்டினேன். தனித் தண்ணீர்த் தொட்டி, தனி வாளி, தனிப் பிரஷ். முதலில் செவலைக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் மயிலையிடம் போவது, திரும்பி வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. காலை மாலை காய்ச்சல் பார்த்தேன். 101.5 டிகிரி தாண்டினாலோ தாடைக்கடியில் கட்டி தெரிந்தாலோ கூப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தொண்டைக் கட்டி நோய் அப்படித்தான் ஆரம்பிக்குமாம். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் செய்தோம். அது மனிதருக்கும் ஒட்டும், தடுப்பூசியும் கிடையாது. குடற்புழு மருந்து, டெட்டனஸ் ஊசி இரண்டும் இந்த நாட்களிலேயே முடிந்தன. நல்லவேளை, முடிவெல்லாம் சுத்தமாக வந்தது.

தீனி மாற்றத்தையும் அவசரப்படுத்தவில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் ஏதாவது ஆனால் வயிற்றுவலியாகத்தான் முடியும். சந்தைக்காரர் போட்டுக்கொண்டிருந்த தீனியில் கொஞ்சம் வாங்கி வந்து, பத்து நாளில் மெல்ல மெல்ல நம் புல்லுக்கு மாற்றினேன். கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கு அமிர்தம், குதிரைக்கு அது மட்டுமே தீனியானால் ஆகாது. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளடைவில் எலும்பு கெடும். அதனால் தினமும் குதிரைமசால் ஒரு கட்டு. பெயரிலேயே குதிரை இருக்கிறது, இங்கே தின்பதெல்லாம் ஆடும் மாடும்தான்.

22ஆம் நாள் கொரங்காட்டை நைலான் கயிறு கட்டி இரண்டாக்கினேன். நடுவில் பத்தடிச் சந்து விட்டு இரண்டு வரிசைக் கயிறு. முள்கம்பி கூடவே கூடாது. லாடக்காரரை வரச்சொல்லி மயிலையின் பின்னங்கால் லாடங்களைக் கழற்றியாயிற்று. வெறுங்குளம்பு உதைக்கும் இரும்பு உதைக்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு அதிகப் பயம் கிளுவை வேலியின் மூலைகளில்தான். துரத்தப்படுகிற குதிரை மூலையில் மாட்டினால் ஒன்று முள்ளில் பாயும், இல்லையென்றால் திரும்பி உதைக்கும். நாலு மூலையையும் கயிறு கட்டி வளைத்து மழுக்கினேன். இதற்கே ஒன்றரை நாள் போயிற்று.

ஆட்டுக்காரப் பெரியப்பா பார்த்துச் சிரித்தார். “ஏஞ்சாமி, ஆட்டுக்குப் பட்டி மாத்துனா ஒரு ராத்திரிதான். நீ என்ன கல்யாணத்துக்குப் பந்தல் போடறியா?”

முதல் நாள் செவலை கயிற்றோரம் ஓடி ஓடிக் கனைத்தாள். மயிலை கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாம் நாள் இருவரும் சந்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக ஒரே வேகத்தில் மேய்ந்தார்கள். 27ஆம் நாள் நடுவில் விட்ட இடைவெளியை எடுத்துவிட்டு ஒற்றைக் கயிறாக்கினேன். மூக்கும் மூக்கும் முட்டின. இரண்டும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாற்போல ஒரு நொடி. அப்புறம் செவலை ‘கீச்’சென்று கத்தி, முன்னங்காலை ஓங்கித் தரையில் அடித்தாள். மயிலையின் காதுகள் பின்னால் படுத்தன, சேர்ந்தே இருக்கும் அந்த நுனிகள் பிரிந்துபோயின. பத்து அங்குலம் உயர்ந்தவள்தான் முதலில் பின்வாங்கினாள்.

31ஆம் நாள் கயிற்றை அவிழ்த்தேன். காலை நேரம், இரண்டும் வயிறு நிறையத் தின்றிருந்தன. புல்லை மூன்று இடத்தில், இருபதடிக்கு மேல் தள்ளித் தள்ளிப் போட்டேன். இரண்டு குதிரைக்கு மூன்று குவியல் இருந்தால் விரட்டப்பட்டவளுக்கும் போக ஓர் இடம் இருக்கும். துரத்தல், ஒரு கடி, காற்றில் இரண்டு உதை, அவ்வளவுதான். அரை மணியில் அடங்கிவிட்டது.

ஓரியாட்டம் வந்தது மறுநாள், அதுவும் என்னால். எல்லாம் சரியாகிவிட்டது என்ற தெம்பில் வேகவைத்த கொள்ளு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு படலைத் திறந்து உள்ளே போனேன். ஒரே வாளி, இரண்டு குதிரை, நடுவில் நான். செவலை காதைப் படுத்தது தெரிந்தது. மயிலைக்கு விலக இடமில்லை, பின்னால் படல். திரும்பி உதைத்தாள். செவலையின் விலாவில் உள்ளங்கை அகலம் வீங்கிவிட்டது, வாளி எங்கேயோ, கொள்ளெல்லாம் மண்ணில். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. லாடத்தைக் கழற்றாமல் இருந்திருந்தால் விலா எலும்பு போயிருக்கும். கயிற்றை மறுபடி கட்டி மூன்று நாள் பிரித்து வைத்தேன். இப்போது கொள்ளை ஆளுக்கொரு இடத்தில் கட்டிவைத்துத்தான் கொடுக்கிறேன், உள்ளே வாளியே போவதில்லை.

35ஆம் நாள் மறுபடி சேர்த்தபோது சண்டை ஒன்றும் இல்லை. அடுத்த நாள் மாலை வெள்வேல் மரத்தடியில் தலைமாடு கால்மாடாக நின்றுகொண்டு, ஒன்றின் திமில்மேட்டை ஒன்று பல்லால் சொறிந்துகொண்டிருந்தன. செவலைக்கு எட்டவில்லை, கழுத்தை நீட்டி மயிலையின் தோளோடு நிறுத்திக்கொண்டாள்.

38ஆம் நாள் விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தேன். செவலை நான்கு காலையும் நீட்டி, தலையைப் புல்லில் போட்டுப் படுத்திருந்தாள். உதடு துடித்தது. மயிலை இரண்டடி தள்ளி நின்று என் டார்ச்சையே முறைத்தாள். வெளிச்சத்தை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கணுக் காயம் இப்போது பொருக்கு உதிர்கிறது.

இன்றோடு 41. புதுத் தலைவலி ஒன்று வந்திருக்கிறது. மயிலையை லாடம் அடிக்க வெளியே கூட்டிப்போனால் செவலை வேலியோரம் நுரை தள்ள ஓடிக் கத்துகிறாள், பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன் வருகிறது. நாளையிலிருந்து தினமும் ஐந்து நிமிடம் மட்டும், ஒன்றின் கண்ணில் ஒன்று படும்படியே வெளியே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவரப் போகிறேன். லாடக்காரரைத்தான் காட்டுக்கே வரச்சொல்லியிருக்கிறேன்.