புளியங்கொட்டைப் பசையும் அம்மாவின் பேரமும்

பூரி கடற்கரையில் 600 ரூபாய்க்கு வாங்கிய கிருஷ்ணர் படத்தை அன்றிரவே விடுதி அறையில் மகள் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கினாள். "பாட்டி, முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது" என்றாள். வாரப் பத்திரிகை அட்டையை உற்றுப் பார்த்தால் தெரியுமே, அதே அச்சுப் புள்ளிகள். துணியில் கையால் வரைந்த ஒடிசா ஓவியம், பட்டச்சித்திரம் என்று கடைக்காரர் சொன்ன 1,200 ரூபாயைப் பாதியாக்கிவிட்டதில் அதுவரை பூரித்திருந்த அம்மா, இரவுச் சாப்பாட்டின்போது வாயே திறக்கவில்லை.

மறுநாள் கோனார்க். கங்க மன்னர் நரசிம்மதேவர் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சூரியன் கோயில். தேர் வடிவம், 24 சக்கரங்கள், ஏழு குதிரைகள். மகள் அந்தச் சக்கரம் அச்சிட்ட 10 ரூபாய் நோட்டைச் சக்கரத்துக்கு எதிரே பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொதுப்பணித் துறையில் பாலம் கட்டிய அப்பாவுக்குச் சிற்பத்தைவிட மணலில்தான் அக்கறை. முன்மண்டபம் இடிந்து விழாமல் இருக்க, 1903இல் ஆங்கிலேயர்கள் அதன் உள்ளே மணலை நிரப்பி வாசலை அடைத்துவிட்டார்கள். "இவ்வளவு மணலை எந்த வழியாக உள்ளே கொட்டினார்கள்?" என்று வழிகாட்டியைக் குடைந்தெடுத்தார். பூரி கோயிலைக் கட்டத் தொடங்கிய சோடகங்கன் இந்த நரசிம்மதேவரின் முன்னோன், அவன் தாய் சோழ இளவரசி என்று நான் சொன்னதும், "அப்படியானால் இது நம் பெண் வாழ்க்கைப்பட்ட வீடு" என்றாள் அம்மா. முதல் நாள் ஏமாற்றம் அத்தோடு பாதி கரைந்தது.

பிப்பிலியில் அரை மணி நேரம்தான் நின்றோம். ஜகந்நாதர் தேருக்கு விதானம் தைத்த ஒட்டுத்துணி வேலை இப்போது விளக்குக் கூடாகவும் குடையாகவும் சாலையோரம் தொங்குகிறது. ஒரு குடை வாங்கினோம். மழைக்கு ஆகாது.

ரகுராஜ்பூருக்குத்தான் ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். பூரிக்கு அருகே தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு சிறு ஊர். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், சுவரெல்லாம் சித்திரம். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர் இது. ஒவ்வொரு திண்ணையிலிருந்தும் "வாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை" என்று கூப்பிடுவார்கள். அது கொஞ்சம் தொல்லைதான்; ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அடுத்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

நாங்கள் உட்கார்ந்த வீட்டில் பெரியவர் துணி தயாரித்துக்கொண்டிருந்தார். பருத்தித் துணி இரண்டைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசிக் காயவைத்து, கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள். வெள்ளைக்குச் சங்கு, கறுப்புக்கு விளக்குக்கரி, சிவப்புக்கு இங்குலிகம் என்ற சிவப்புக் கனிமம். நிறம் பிடிக்க விளாம்பிசின். "புளியங்கொட்டையை நான் பல்லாங்குழியோடு விட்டுவிட்டேனே" என்று அம்மா ஒரு துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

பெரியவர் இந்தியில் சொல்ல, என் கணவர் மொழிபெயர்த்தார். ஆனி வாக்கில் வரும் பௌர்ணமியன்று 108 குடம் நீராடும் ஜகந்நாதருக்குக் காய்ச்சல் வந்துவிடுமாம். பதினைந்து நாள் தரிசனம் கிடையாது. அந்த நாட்களில் மூலவர்களுக்குப் பதிலாகப் பூசை பெறுவது துணியில் தீட்டிய இந்தப் படங்கள்தான். கேட்டதும் அம்மா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

பிறகு ஒரு பனையோலை நறுக்கில் எழுத்தாணியால் ஏதோ கீறினார். கீறல் கண்ணுக்கே தெரியவில்லை. கரியைத் தடவித் துடைத்ததும் மகளின் பெயர் ஒடியா எழுத்தில் கறுப்பாக எழுந்து நின்றது. "நம் சுவடிகளும் இப்படித்தான்" என்றார் அப்பா, ஏதோ தாமே எழுதியவர்போல.

ஓலையில் கீறிய தசாவதாரம் ஒன்று 3,500 ரூபாய். பக்தியெல்லாம் பக்கத்தில் இருக்கட்டும் என்று அம்மா 2,000இல் ஆரம்பித்தாள். பெரியவர் சிரித்தார். "மாவுசி (சித்தி), கண் போகிற வேலை" என்றார். 2,200, 2,500 என்று ஏறி, 3,300இல் அம்மா சரணடைந்தாள். நானாக இருந்தால் கேட்டதைக் கொடுத்திருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் பேரத்துக்கு வேறு யாருக்கும் அதிகாரமில்லை.

திரும்பும் ரயிலில் ஓலைச் சுருள் அம்மாவின் மடியிலேயே இருந்தது. "அந்த 600 ரூபாய்ப் படத்தை மாடி வீட்டு மாமிக்குக் கொடுத்துவிடலாம்" என்றாள்.

"அச்சுப் படம் என்று சொல்லித்தானே, பாட்டி?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, சிலிகா ஏரி வந்துவிட்டதா என்று பார்க்கத் தொடங்கினாள்.