பாராவில் எழுதிய எஃப்.ஐ.ஆர்.கள்: டிபார்ட்மென்ட் கோட்டா எஸ்.ஐ. தேர்வு, என் கதை

போன வாரம் தற்காலிகத் தேர்வுப் பட்டியல் வந்தது. என் நம்பர் இருந்தது. நம்பிக்கை வராமல் ஹால் டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். அப்புறமும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு தடவை படிங்க" என்றேன். குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டால், "அப்போ இனிமே நைட்டு பாரா இல்லியாடி?" என்று கேட்டது. பாரா என்றால் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காவல். எஸ்.ஐ.க்கும் நைட் ரவுண்ட்ஸ் உண்டு என்று சொல்ல மனசு வரவில்லை.

அதிலிருந்து ஒரே கேள்விதான்: எந்த கைடு, எந்த கோச்சிங். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். பணியில் இருக்கும் போலீஸுக்கான இருபது சதவீத கோட்டா என்றால் என்ன, யாருக்குத் தகுதி என்பதெல்லாம் நோட்டிஃபிகேஷனில் இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

நான் 2013-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். அன்றைக்கு இருந்த கணக்குப்படி பத்து வருஷத்தில் முதல்நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) அதாவது 2038. அதற்குள் என் பையனே போலீஸ் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுவிடுவான். எங்கள் வேலூர்ப் பழமொழி தெரியும்தானே: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், அதோடு சேர்த்து அதிகாரம் இல்லாத போலீஸ். சாமியாவது 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். நாம் 2038 வரை காத்திருக்க வேண்டுமா என்று ஆயுதப்படையில் இருந்தபோதே யோசித்தேன். யோசித்ததோடு சரி. தாலுகா ஸ்டேஷனுக்கு வந்து, பையன் பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் புத்தகத்தைத் தொட்டேன்.

2023 ஆகஸ்டில் முதல் தடவை எழுதினேன். ஒன்றரை மார்க்கில் போனது. கேள்விக்கு அரை மார்க் என்பதால் மூன்றே மூன்று கேள்வி. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கைடை ஆறு மாதம் உருப்போட்டிருந்தேன். ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) எண்கள் கனவில்கூட வரும். ஆனால் கேள்வித்தாள், "இவன் வந்தான், அவள் இப்படிச் சொன்னாள், இன்னொருத்தன் இதை எடுத்துக்கொண்டு ஓடினான், என்ன பிரிவு?" என்று கேட்டால் கை நின்றுவிடும். எண்ணிலிருந்து குற்றத்துக்குப் போகத் தெரிந்தது, குற்றத்திலிருந்து எண்ணுக்கு வரத் தெரியவில்லை. பத்து வருஷம் யூனிஃபார்ம் போட்டும் இந்த லட்சணம். ஸ்டேஷனில் செக்ஷன் போடுவது ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) வேலை, பாராவில் நிற்பது என் வேலை என்று இருந்ததன் பலன்.

சரி, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றால், 2024 ஜூலை 1-ம் தேதி சட்டமே மாறிவிட்டது. ஐ.பி.சி.யின் 511 பிரிவு, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பி.என்.எஸ்.ஸில், 358 ஆனது. நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 484 பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதாவது பி.என்.எஸ்.எஸ்.ஸில், 531 ஆனது. சாட்சியச் சட்டம் 167-லிருந்து 170. ஸ்டேஷனில் பெரியவர்கள் தலையில் கை வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இருபது வருஷம் ஐ.பி.சி.யோடு பழகிய ரைட்டரும் நானும் அன்றைக்கு ஒரே கோட்டில் நின்றோம்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். மீதி எல்லாவற்றையும் தாண்டிப் போனாலும் இதைப் படியுங்கள்.

ஒரு நாள் இரவு பாரா. மணி இரண்டு இருக்கும். சிகிச்சைக்காக மகளைக் கூட்டிக்கொண்டு மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் ஸ்டேஷன் வாசலில் நின்றார். ரயிலில் வரும்போது பையைக் காணோம். பையில் பணம், அதைவிட முக்கியமாக பழைய ஸ்கேன் ஃபிலிம்கள். காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் மகளைப் படுக்கவைத்துவிட்டு நேராக எங்களிடம் வந்திருக்கிறார். தமிழ் தெரியாது. நானும் அரைகுறை இந்தியில் கேட்டேன். "ரயில்ல போனதுன்னா ரயில்வே போலீஸ்ல குடுக்கச் சொல்லும்மா" என்றார் ஏட்டய்யா. வழக்கம் அதுதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம்தான் நான் பி.என்.எஸ்.எஸ். 173 (புகார் பதிவு) படித்திருந்தேன். "ஏட்டய்யா, எல்லை எதுவா இருந்தாலும் வாங்கித்தான் ஆகணும்னு புதுச் சட்டத்துல இருக்கே" என்று இழுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காலையில் இன்ஸ்பெக்டர் அய்யா வந்து ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு ரயில்வேக்கு அனுப்பச் சொன்னார்.

அந்த இரவு, பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் பாக்கெட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் புகாருக்கு எனக்கு நானே ஒரு எஃப்.ஐ.ஆர். எழுதிப் பார்த்தேன். பிரிவு என்ற இடத்தில் பி.என்.எஸ். 303(2) என்று போட்டேன். திருட்டுதானே. வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைத் திறந்தால், பயணிகள் போகும் வண்டியிலிருந்து பொருளைத் திருடினால் 305(சி). பழைய ஐ.பி.சி. 380-ல் வீடு, கூடாரம், கப்பல்தான் இருந்தது, இப்போது அதே இடத்தில் வண்டியும் சேர்ந்திருக்கிறது. சிவப்புப் பேனாவால் 303(2)-ஐ அடித்து 305(சி) என்று எழுதினேன். அந்த அடித்தல் இன்னும் நோட்டில் இருக்கிறது. அந்தப் பிரிவு எனக்கு இனி சாகும்வரை மறக்காது. தேர்வில் பஸ்ஸில் நகைப்பை திருடியவன் கதை வந்தபோது அந்தப் பெரியவர் முகம்தான் வந்தது.

அன்றிலிருந்து ஒரு டூட்டிக்கு ஒரு கற்பனை எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனுக்கு வரும் எதையும் விடவில்லை. சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆர். இல்லாத புகார் ரசீது) போட்டு அனுப்பும் பக்கத்து வீட்டுச் சண்டையாக இருந்தாலும், பேப்பரில் படித்த ஆம்பூர் செய்தியாக இருந்தாலும் சரி. முதலில் புத்தகம் பார்க்காமல் பிரிவு போட வேண்டும். பிறகு சரிபார்க்க வேண்டும். தப்பானதைச் சிவப்பில் திருத்த வேண்டும். பதினான்கு மாதத்தில் நான்கு நோட்டு. பரீட்சைக்கு முந்தைய வாரம் சிவப்பு எழுத்தை மட்டும்தான் படித்தேன். கைடு வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கைடை நம்பி நோட்டு போடாமல் இருக்காதீர்கள்.

இன்னொரு உதாரணம். திங்கள்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள் பந்தோபஸ்து. பெண்கள் பையைச் சோதிப்பது எங்கள் வேலை. மண்ணெண்ணெய் பாட்டில் வைத்திருந்த ஒரு அம்மாவிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். பழைய 309 (தற்கொலை முயற்சி) போய்விட்டது என்று எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆனால் அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயன்றால் 226 இருக்கிறது. தண்டனையில் சமுதாய சேவையும் உண்டு. சமுதாய சேவை எந்தெந்தப் பிரிவில் வருகிறது என்று அந்த ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டே தேடிப் படித்துவிட்டேன்.

அடுத்தது பேய் எண்கள். நான் வைத்த பெயர். பழைய சட்டத்தில் ஒரு குற்றம், புதுச் சட்டத்தில் அதே எண்ணுக்கு வேறு குற்றம். விடைகளில் இரண்டையும் வைத்துவிட்டால் அனுபவசாலிதான் முதலில் விழுவார்:

302: பழையதில் கொலை. புதியதில் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலை 103.
304: பழையதில் கொலையாகாத மரணம். புதியதில் செயின் பறிப்பு மாதிரியான பறிப்பு, இதற்கு முன்பு தனிப் பிரிவே இல்லை.
307: பழையதில் கொலை முயற்சி. அது இப்போது 109.
309: பழையதில் தற்கொலை முயற்சி. புதியதில் கொள்ளை.

நம் தினசரிச் சோறான ஆபாசப் பேச்சு, அடிதடி, மிரட்டல், அதாவது 294(பி), 323, 506(1) மூன்றும் 296(பி), 115(2), 351(2) ஆகிவிட்டன. இதுகூடத் தெரியாமல் யாரும் எழுதப் போக மாட்டீர்கள். 106(2) மட்டும் ஜாக்கிரதை: விபத்தில் ஆள் சாகக் காரணமாகிவிட்டு, தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் என்று புத்தகத்தில் இருக்கும். ஜூலை 1-ல் மற்றவை அமலுக்கு வந்தபோது அதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) நான் திரும்பத் திரும்ப எழுதியவை:

173(3), மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழுக்குக் கீழே தண்டனை உள்ள புகாரில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை.
176(3), ஏழு வருஷமும் அதற்கு மேலும் என்றால் தடயவியல்.
105, சோதனையை வீடியோ எடுப்பது.
35(7), மூன்று வருஷத்துக்குக் குறைவான குற்றத்தில் அறுபது வயது தாண்டியவரைக் கைது செய்ய யார் அனுமதி.
43(5), சூரியன் மறைந்த பிறகு பெண் கைது. ராத்திரி பதினொரு மணிக்கு "மகளிர் வேணும், வா" என்று எத்தனை போன் வந்திருக்கும். அந்த அனுபவமே போதும், இதைத் தனியாகப் படிக்கவே வேண்டாம்.
194 (தற்கொலை, சந்தேக மரண விசாரணை), பழைய 174. 192 (வழக்கு நாட்குறிப்பு), பழைய 172.
சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கான 63-ன் சான்றிதழ், அதன் ஏ பகுதி, பி பகுதி.

தமிழ்த் தகுதித் தேர்வு பற்றி ஒரு வரி. நாற்பது எடுத்தால் போதும் என்பதற்காக முந்தின நாள் ராத்திரி திறக்காதீர்கள், பள்ளிப் பாடப்புத்தகத்தை மாதம் ஒரு வகுப்பாகப் படியுங்கள். உளவியல், கணக்கு எனக்கு வராது. அதில் என்னிடம் ஆலோசனை கேட்பதே தப்பு. தெரிந்ததை எழுதிவிட்டு நகர்ந்தேன்.

இப்போது சர்வீஸ் புக். இதைப் பற்றி எந்த கோச்சிங் சென்டரும் சொல்லாது, எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பழைய ஸ்டேஷனில் இருந்தபோது காணாமல் போன ஒரு பெண் குழந்தையைக் கண்டுபிடித்ததற்கு ஜி.எஸ்.இ. (நற்பணிப் பதிவு) கிடைத்தது. ஃபால்-இன்னில் பெயரைப் படித்தார்கள், கைதட்டினார்கள். அதோடு நான் மறந்துவிட்டேன். விண்ணப்பிக்கும்போது சர்வீஸ் புக்கைப் பார்த்தால் அந்தப் பதிவே இல்லை. ஆர்டர் வந்த வாரத்தில் எனக்கு மாறுதல், காகிதம் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் எங்கோ தங்கிவிட்டது. அதே புத்தகத்தில், திருவண்ணாமலை தீப பந்தோபஸ்துக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போனதற்கு வந்த 3(அ) சார்ஜும் (சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டு), அதற்கான பிளாக் மார்க்கும் மட்டும் பிசகாமல் ஏறியிருந்தது. அன்றைக்குப் பையனுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். விளக்கத்தில் எழுதினேன். மெமோ கொடுத்த அதிகாரி விளக்கத்தைப் படித்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

டி.பி.ஓ.வுக்கு (மாவட்டக் காவல் அலுவலகம்) ஐந்து தடவை நடந்தேன். லீவு போட்டு நடந்தேன். ஆர்டரின் தேதியும் எண்ணும் கேட்டார்கள், என்னிடம் இல்லை. கூட வேலை பார்த்த ஒரு அக்கா அவருடைய நகலை வைத்திருந்ததால் தப்பித்தேன், ஒரே ஆர்டரில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதனால்:

ரிவார்ட், ஜி.எஸ்.இ. எது வந்தாலும் அன்றைக்கே போனில் படம் எடுங்கள்.
வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் புக்கைக் கேட்டுப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.
மாறுதல் வந்தால் கிளம்புவதற்கு முன்னால் பாருங்கள்.
சார்ஜ் ஏதாவது நிலுவையில் இருந்தால் நோட்டிஃபிகேஷன் வரும்வரை காத்திருக்காமல் முடிக்கப் பாருங்கள்.
2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டைக்கோ திருப்பத்தூருக்கோ போனவர்கள் கட்டாயம் பாருங்கள்.

நேர்முகத்தில் பத்து மார்க். ஸ்பெஷல் மார்க் ஐந்தில் எனக்குப் பூஜ்யம், டூட்டி மீட் (போலீஸ் திறன் போட்டி) பக்கமே போனதில்லை. உள்ளே போனதும் அந்த பிளாக் மார்க்கைத்தான் கேட்டார்கள். காய்ச்சல் கதையைச் சொல்ல வாய் வந்தது. "லேட்டாப் போனது உண்மைங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். இரண்டு விநாடி யாரும் பேசவில்லை. பிறகு 105-க்குப் போய்விட்டார்கள்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. குவார்ட்டர்ஸில் நான்கு பேர் சேர்ந்தால் அரை மணி டீ, அரை மணி டிரான்ஸ்பர் கதை, பத்து நிமிஷம் 173. உங்களுக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள். நான் தனியாக, காலை நாலரை மணிக்கு, மின்விசிறிச் சத்தத்தில் எழுதினேன். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் பகலில் படிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நோட்டுகளை ஸ்டேஷனில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். மூன்றைக் கொடுத்துவிட்டேன். அந்த 305(சி) இருக்கும் முதல் நோட்டைக் கொடுக்கவில்லை, நகல் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமிக்கு எப்போது ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்று இன்னும் மெமோ வரவில்லை. நாளைக்கும் காலை ஏழு மணிக்கு டூட்டி.